வெறும் லைனில் லெவல் பார்த்து ஏமாறாதீர்கள்: தற்காலிகக் கட்டை அடுக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஊருக்குப் போகும் வழியில், ஒரு ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு அடியில் சுரங்கப்பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் காஷன் பலகையைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். பள்ளத்தின் இரு பக்கமும் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, மேலே கர்டர் வைத்து, லைனைத் தாங்கியிருந்தார்கள். ஒப்பந்தக்காரரின் இளம் பொறியாளர் தண்டவாளத்தின் குறுக்கே, இரு பக்கமும் ஒரே மட்டமா என்று காட்டும் கேஜ் லெவலை வைத்தார், குமிழியைப் பார்த்தார், செல்போனில் "ஜீரோ சார், வண்டி விடலாம்" என்றார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நான் சொன்னதும் அதே ஜீரோதான். அந்த ஜீரோவுக்கு நான் கொடுத்த விலை இன்னும் உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

கொடி, டெட்டனேட்டர், காஷன் ஆர்டர் போன்ற எச்சரிக்கை ஏற்பாடுகளைப் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. 1200 மீட்டருக்கு முன்னால் பலகை வைக்காமல் லைனில் கை வைப்பவருக்கு என் கட்டுரை உதவாது.

கான்கிரீட் ஸ்லீப்பரை அடுக்குவது

மரக்கட்டை இப்போது லேசில் கிடைப்பதில்லை. லைன் ஓரத்தில் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் சும்மா கிடக்கின்றன. "இது மரத்தைவிட உறுதிதானே, இதையே அடுக்குவோம்" என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

கான்கிரீட் ஸ்லீப்பரின் மேல்பக்கம் சமதளம் இல்லை. தண்டவாளம் உட்காரும் இடம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், நடுவில் உயரம் வேறு, தண்டவாளத்தைப் பிடிக்கும் இரும்பு இன்செர்ட் வேறு துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்தால் பரப்பு பரப்போடு சேராது, விளிம்பில்தான் சேரும். பாரம் முழுக்க அந்த விளிம்பில் விழும், ஓரம் உடைந்து தெறிக்கும். தவிர ஒரு ஸ்லீப்பர் கால் டன்னுக்கு மேல் எடை. ராத்திரி பிளாக்கில் (வண்டிகளை நிறுத்தி வேலைக்குக் கொடுக்கும் நேரத்தில்) நான்கு பேர் கையால் நகர்த்துகிற சாமான் அல்ல. மரக்கட்டை என்றால் 70, 80 கிலோ. ஒரு மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்து மேலும் கீழும் ஒட்டி உட்காரும். ஒட்டி உட்காருவதற்காகத்தான் மரத்தைத் தேடுகிறோம்.

பழைய கட்டை

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வையுங்கள், பொத்தென்றால் டீக்கடைக்காரருக்குக் கொடுங்கள்.

வெறும் லைனில் லெவல் பார்ப்பது

டெல்டாவில் ஒரு வாய்க்கால் பாலம். பழைய செங்கல் வளைவை எடுத்துவிட்டு கான்கிரீட் பெட்டி வைக்கும் வேலை. நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். இரு கரையிலும் கட்டை அடுக்கி, மேலே தற்காலிக கர்டரை ஏற்றி, விடியற்காலை மூன்றரை மணிக்கு லைனை இணைத்தோம். டார்ச் வெளிச்சத்தில் லெவல் பார்த்தேன். குறுக்கு மட்டம் துல்லியமாக ஜீரோ. முன்னும் பின்னும் நூல் பிடித்தாற்போல் இருந்தது. உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கூட இருந்த மேட்டுக்கு, அதாவது வேலையாட்களின் தலைவருக்கு, ஐம்பது வயதுக்கு மேல். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சார், வெறும் லைன்ல பாத்து என்ன சார் ஆவப்போவுது? வண்டி ஏறட்டும், அப்புறம் பாருங்க."

பிளாக் முடிய பதினைந்து நிமிடம்தான் இருந்தது. "எல்லாம் சரியா இருக்கு மேட்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் வண்டி பாசஞ்சர், 20 கிலோமீட்டர் வேகத்தில் போனது. ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது சரக்கு வண்டி. அதன் டிரைவர் அடுத்த ஸ்டேஷனில், பாலத்தின் மேல் இஞ்சின் இடது பக்கம் சாய்ந்து குலுங்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டார். நான் ஓடிப் போய் மறுபடி லெவல் வைத்தேன். அப்போதும் ஜீரோ! டிரைவருக்குத் தூக்கக் கலக்கம் என்று முடிவு கட்டினேன்.

புதியவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தண்டவாளம் ஒரு விறைப்பான இரும்புச் சட்டம். அதோடு கர்டரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் இன்னும் விறைப்பு. இரு பக்கமும் நல்ல ஜல்லியில் இறுகிக் கிடக்கும் லைன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் நடுவில் கட்டை அடுக்கு கீழே இறங்கிப்போனாலும், வண்டி இல்லாதபோது லைன் இறங்காமல் அந்தரத்தில் அப்படியே நிற்கும். நீங்கள் லெவல் வைத்துப் பார்ப்பது தண்டவாளத்தின் மட்டத்தை மட்டுமே. அதற்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் ஒரு விரல் சந்து குமிழிக்குத் தெரியாது. வண்டி ஏறும்போது சந்து மூடும், இறங்கியதும் திறக்கும்.

இறங்குவது எங்கே என்று கேட்டால், எல்லா இடத்திலும். 2 மீட்டர் உயர அடுக்கு என்றால், 13 சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டை 15 வரிசை வரும். வரிசைக்கு ஒரு மில்லிமீட்டர் மண்ணும் பிசிறும் இருந்தாலே முதல் பாரத்தில் 15 மில்லிமீட்டர் போய்விடும். மரம் நார் நெடுகத் தாங்குவதைவிட நாருக்குக் குறுக்கே தாங்குவது மிகவும் குறைவு. அடுக்கில் நாம் கொடுக்கும் பாரம் முழுவதும் குறுக்கேதான். இதற்கெல்லாம் கீழே தரை.

டிரைவர் பொய் சொல்லவில்லை என்று மேட்தான் காட்டினார். அடுக்கிலிருந்து தள்ளி, பாரம் படாத தரையில் ஒரு முளையை அடித்து, அதிலிருந்து ஒரு சட்டத்தைக் கர்டருக்கு அடியில் நீட்டினார். சட்டத்தின் நுனிக்கும் கர்டருக்கும் நடுவில் வாய்க்கால் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து வைத்தார். உருண்டையின் உயரத்தை என்னையே அளக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் இப்படி. அடுத்த வண்டி போனதும் களிமண் நசுங்கிக் கிடந்தது. அளந்தோம். வலது பக்கம் 4 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. இடது பக்கம் 22.

வித்தியாசம் 18 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் முன்னால் ஜல்லியில் லைன் சமமாக இருக்கிறது, இங்கே ஒரு பக்கம் மட்டும் 18 மில்லிமீட்டர் பள்ளம். லைன் முறுக்கிக்கொள்கிறது. பெட்டியின் போகிக்கு, அதாவது பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டத்துக்கு, நான்கு சக்கரம். நாற்காலியின் ஒரு காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி, ஒரு சக்கரத்தின் மேல் பாரம் விட்டுப்போகும். பாரம் விட்டுப்போன சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏற அதிக நேரம் ஆகாது. அன்று எங்களைக் காப்பாற்றியது 20 கிலோமீட்டர் காஷன் மட்டுமே, என் திறமை அல்ல.

இடது பக்கம் மட்டும் ஏன் இறங்கியது? அதைச் சொல்ல இன்றும் வெட்கம்தான். மண்ணின் தரம் பார்க்க இரண்டு மாதத்துக்கு முன் நாங்களே ஒரு சோதனைக் குழி தோண்டி, பார்த்துவிட்டு, மண்வெட்டியால் இழுத்து மூடியிருந்தோம். கெட்டிக்காத அந்த மண்மேல்தான் அடுக்கின் பாதி நின்றது. மண்ணைச் சோதித்த இடத்தில்தான் மண் கெட்டுப்போயிருந்தது.

மறுநாள் இன்னொரு பிளாக், இரண்டு பாசஞ்சர் ரத்து, அடுக்கைப் பிரித்து மறுபடி கட்டக் கூலி, எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். மூன்றரை மணிக்கு மேட் சொன்னதைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை.

செய்ய வேண்டியது இதுதான். லைனை இணைத்ததும் முதலில் இஞ்சினையோ ஜல்லி வண்டியையோ நடை வேகத்தில் ஏற்றி, அடுக்கின் மேல் நிறுத்துங்கள். வண்டி நிற்கும்போது அளவெடுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு, எவ்வளவு இறங்கியதோ அவ்வளவுக்குத் தகடும் பலகையும் கொடுத்து இறுக்குங்கள். மறுபடி ஏற்றுங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே அளவு வந்தால்தான் பொதுவண்டியை விடுவேன் என்பது அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம். தனி இஞ்சின் கிடைக்காவிட்டால் முதல் நான்கைந்து வண்டிக்கும் களிமண் உருண்டை. முளையை அடுக்குக்குப் பக்கத்திலேயே அடிக்காதீர்கள். அடுக்கோடு முளையும் இறங்கினால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

அடியில் மூன்று கட்டை

மேலே சொன்னதோடு ஒட்டியதுதான். மேல் வரிசைக்கு மூன்று கட்டை போதும் என்றால் அடி வரிசைக்கும் மூன்றே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். இன்றைய சரக்கு வண்டியின் ஓர் அச்சு பொதுவாக 22.9 டன் வரை வரும். ஒரு போகிக்கு இரண்டு அச்சு. கர்டரின் எடையையும் சேர்த்து, எளிதாக 50 டன் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பெட்டியின் அச்சும் அதிர்வும் இதற்கு மேல்.

கட்டை 2.75 மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம். மூன்று கட்டை தரையைத் தொடும் பரப்பு 2 சதுர மீட்டர் சொச்சம். சதுர மீட்டருக்கு 24 டன். கட்டைவிரலால் ஓரளவு அழுத்தினாலே பள்ளம் விழும் மெத்தென்ற களிமண்ணுக்கு நாம் கொடுக்கலாம் என்று கையேடுகள் சொல்வது 10 டன். விரல் சில சென்டிமீட்டர் உள்ளே போகிற சேறு என்றால் 5 டன்.

அதே இடத்தில் அடி வரிசைக்கு மட்டும் 11 கட்டைகளை இடைவெளி இல்லாமல் பாய் விரித்த மாதிரி போட்டால் பரப்பு ஏழரை சதுர மீட்டர். பாரம் 6.6 டன்னாக இறங்கிவிடும். எட்டுக் கட்டை கூடுதல், அவ்வளவுதான். சேற்றில் அதுவும் போதாது. தோண்டி எடுத்துவிட்டு ஜல்லி போட்டு இடியுங்கள். பள்ளத்தின் விளிம்பை ஒட்டி அடுக்கை நிறுத்துவதும் இதே வகைத் தவறு. தரை உறுதியாக இருந்தாலும் பக்கவாட்டில் பிடிமானம் இல்லாவிட்டால் சரிந்துவிடும்.

ஜாக்கி

தூக்குவதற்கு. தாங்குவதற்கு அல்ல.

ஒற்றை ஆப்பு

மேலே ஒரு விரல் சந்து இருந்தால் ஒரு மர ஆப்பைச் சம்மட்டியால் அடித்துச் செருகிவிடுவது கைப்பழக்கம். ஒற்றை ஆப்பு ஒரு முனையில்தான் தாங்கும். நான்கு வண்டி போனால் அதிர்வில் பின்னோக்கி நழுவும். எதிரெதிராக இரண்டு ஆப்பு அடித்து, அவை கழலாமல் ஆணியோ டாக்கோ (இரு முனையும் வளைந்து கூராக இருக்கும் இரும்புக் கொக்கி) போடுங்கள். அடுக்கின் மூலைகளிலும் டாக் அடிக்க மறக்காதீர்கள். வண்டி பிரேக் போட்டால் தள்ளுவது கீழ்நோக்கி மட்டும் அல்ல, லைன் போகும் திசையிலும்தான். வெறுமே அடுக்கிய கட்டைக்கு அதைத் தாங்கும் பிடி இல்லை. மரத்துக்குப் பதில் இரும்புச் சட்டங்களால் ஆன அடுக்கு (கிரிப்) என்றால் இரும்பின்மேல் இரும்பு இன்னும் எளிதாக வழுக்கும். எல்லா போல்ட்டும் போட வேண்டும், கண்ணுக்குத் தெரிகிறவற்றை மட்டும் அல்ல.

வெயிலை மறப்பது

ராத்திரி பிளாக்கில் வேலை செய்பவருக்குப் பகல் ஞாபகம் வருவதில்லை. நம் ஊரில் சித்திரை மதியத்தில் தண்டவாளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடும். ஒரு கிலோமீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு 11.5 மில்லிமீட்டர் நீளும். பற்றவைத்த நீள லைனில் அப்படி நீள முடியாமல் பிடித்துவைத்திருப்பது ஸ்லீப்பரைச் சுற்றியுள்ள ஜல்லிதான். நாம் அந்த ஜல்லியை எடுத்துவிட்டு, லைனைக் கட்டைமேல் நிறுத்தியிருக்கிறோம். உள்ளே அடைந்து கிடக்கும் விசை பலவீனமான இடத்தைத் தேடும், நம் பாலம்தான் அந்த இடம். லைன் பாம்பு மாதிரி வளைந்துவிடும். பி.வே (தண்டவாளப் பராமரிப்பு) ஆட்களிடம் முன்கூட்டியே பேசி, விசையை விடுவித்துப் பிரித்துக்கொண்ட பிறகுதான் தோண்ட வேண்டும். ஜல்லியில் மண்வெட்டி போட்டபின் அவர்களைக் கூப்பிடுவது தாமதம்.

தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலுக்குள் கட்டை அடுக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஓடும் தண்ணீர் அடியிலுள்ள மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு போகும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததை எங்கள் தலைமுறைக்குப் பயிற்சியின்போதே சொல்லிக் கொடுத்தார்கள். அது நிரந்தரமாகக் கட்டிய பாலம். நம்முடையது கட்டை. வெள்ளம் வந்தால் கட்டையைத் தூக்கவும் செய்யும். ராத்திரி முழுக்க ஆள், விளக்கு, தூணில் கோடு போட்ட ஓர் அளவு, கோட்டைத் தண்ணீர் தொட்டால் வண்டியை நிறுத்தும் அதிகாரம். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதல் மூன்றுக்கும் பிரயோஜனம் இல்லை.

கழற்றும்போது

வேலை முடிந்த அலுப்பில் கணக்குப் பார்க்க மாட்டோம். எத்தனை கட்டை, எத்தனை டாக், எத்தனை கிளாம்ப் இறக்கினீர்களோ அத்தனையும் ஏற்ற வேண்டும். எங்கள் டெல்டா வேலையில் இரண்டு டாக் குறைந்தது. யாரும் தேடவில்லை. அடுத்த ஆடியில் தண்ணீர் திறந்துவிட்டபோது, கான்கிரீட் பெட்டிக்குள் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுக்க இறங்கிய ஒரு விவசாயியின் பாதத்தில் ஒன்று ஏறியது. இன்னொன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.