மாரி முழுக்கக் கிடந்த படகு இஞ்சின்: காபரேற்றரைக் கழற்றிக் கழுவும் முறை

வாடைக்காற்றுக்குக் கரையேற்றிய இஞ்சினைத் தை பிறந்ததும் இறக்கினால், தோள் வலிக்கக் கயிறு இழுத்தும் பற்றாது. யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், மயிலிட்டி, எந்தக் கரையிலும் இந்தக் கதை உண்டு. பெரும்பாலும் காற்றையும் எண்ணெயையும் (பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய்) கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்குள் மிஞ்சிய எண்ணெய் காய்ந்து பிசினாகி, எண்ணெய் போகும் நுண்துளையுள்ள ஜெட்டை அடைத்திருக்கும். சின்ன 2 ஸ்ட்ரோக் இஞ்சின் என்றால் ஒரு காலைப்பொழுது போதும்.

முதலில் பிளக் வயரையும் எண்ணெய்க் குழாயையும் கழற்றுங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. கீழே வெள்ளைத் துணி விரித்து, கழற்றக் கழற்றப் போட்டோ எடுங்கள்.

காபரேற்றரை இறக்கி அடிக்கிண்ணத்தைத் திறங்கள். அடியில் நீர் முத்துக்கள் நின்றால் எண்ணெய்த் தாங்கியையும் கழுவ வேண்டும். பக்கத்திலுள்ள ஐடில் மிக்சர் ஸ்குறூவை (இஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்று, எண்ணெய்க் கலவையைச் சரிசெய்யும் திருகாணி) உடனே கழற்றாதீர்கள். மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

இனி ஜெட். இது மென்மையான பித்தளை. கம்பியால் குத்தவே கூடாது. நாவாந்துறையில் ஒருவர் இரும்புக் கம்பியால் குத்திய ஜெட்டைப் பார்த்தேன். துளை பெருத்து, பிளக் கறுத்து, எண்ணெய் கூடுதலாகக் குடித்தது. புது ஜெட் போட்ட பிறகுதான் சரிவந்தது. ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டு, காபரேற்றர் கிளீனர் அடித்து ஊறவிடுங்கள். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லா வழிகளிலும் காற்றடியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி ஊறட்டும்.

கிண்ணத்துக்குள் எண்ணெய் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் சலசலத்தால் அது ஓட்டை. மிதவையோடு சேர்ந்து எண்ணெய் வழியை மூடும் ஊசியின் நுனியில் வளையம்போலத் தேய்வு இருந்தாலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வழியும்.

கசிவைத் தடுக்கப் பாகங்களின் இடையில் வைக்கும் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். பழையதைத் திரும்பப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். குழாயைக் கொழுவி, அதிலுள்ள எண்ணெய் ஏற்றும் ரப்பர் உருண்டையை இறுகும்வரை அமுக்கி, கசிவு இல்லையென்று பார்த்த பிறகே பிளக் வயரைப் பூட்டுங்கள். இஞ்சினின் கால் தண்ணீர்ப் பீப்பாயில் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். வெறுமனே ஓடினால் தண்ணீர் பம்பின் ரப்பர் கருகிவிடும். ஸ்டார்ட் ஆனதும் பக்கத்துளையால் தண்ணீர் பாய்கிறதா பாருங்கள்.

அடுத்த மாரிக்குக் கட்டும்போது குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். மண்ணெண்ணெய் இஞ்சின் என்றால் கடைசிச் சில நிமிடம் பெற்றோலில் ஓட்டிவிட்டு அதைச் செய்யுங்கள்.