மடிக்கணினிக்கு ராம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்றதும், உறையில் பெரிய எண் அச்சிட்ட ராமை (கணினியின் தற்காலிக நினைவகம்) தேடிப் பிடித்து வாங்கிப் பொருத்துபவர்கள் பலர். அந்த எண், ராம் எட்டக்கூடிய உச்ச வேகம் மட்டுமே. அது எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைச் செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியே முடிவு செய்கிறது. இன்டெல் கோர் ஐ5-8250யூ செயலி டிடிஆர்4 தலைமுறை ராமை 2400 (நொடிக்கு இத்தனை மில்லியன் முறை தரவு அனுப்பும் வேகம்) வரைதான் ஏற்கும் என்பதால், 3200 ராமைப் பொருத்தினாலும் அது 2400இல்தான் ஓடும். கணினிக்குக் கெடுதல் இல்லை. கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குத்தான் பலன் இல்லை. வெவ்வேறு வேகமுள்ள இரண்டு ராம்களைச் சேர்த்தாலும், வேகமானது மெதுவானதற்கு இணையாக இறங்கிவிடும்.

என் பார்வையில், இதைவிடப் பெரிய தவறு, ராம் பொருத்த இரண்டு ஸ்லாட் இருந்தும் ஒன்றைக் காலியாக விட்டுவைப்பதுதான். டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் (செயலிக்கும் ராமுக்கும் இடையிலான தரவுப் பாதை) நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவைக் கடத்தும்; இரண்டு ஸ்லாட்டிலும் ராம் இருந்து இரண்டு சேனல்களும் இயங்கினால் அது 51.2 ஜிபி ஆகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினிகளில் திரைக்கான படங்களை உருவாக்கும் பகுதியும் இதே ராமைத்தான் நம்பியிருக்கிறது என்பதால், விளையாட்டுகளிலும் காணொளித் தொகுப்பிலும் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கோர் ஐ5-1135ஜி7 செயலியுள்ள கணினியில் ஒரே ராம் இருக்கும்போது விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'யூஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டும். இரண்டாவது ராமைப் பொருத்திய பின் அதே இடத்தில், வேகமான கிராபிக்ஸைக் குறிக்கும் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற பெயர் வந்து நிற்கும். ஆகவே 16 ஜிபி தேவைப்படுவோர் ஒரே ராமாக வாங்காமல், 8 ஜிபி ராம்கள் இரண்டாக வாங்குவது நல்லது.

டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ராம் பொருந்தாது. முன்னதற்கு 260 முனைகள், பின்னதற்கு 262, நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். அழுத்திப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எல்பிடிடிஆர் வகை ராம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால், அத்தகைய கணினிக்கு எவ்வளவு ராம் வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

3200 ராமைப் பொருத்திய பின், கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டிடிஆர் வகை ராம் கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இருமுறை தரவை அனுப்புகிறது. அந்த மென்பொருள் காட்டுவது துடிப்பின் எண்ணிக்கையை, விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டும் 3200 அதன் இருமடங்கு.