வசிப்போர் குழுத் தொண்டூழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வசிப்போர் குழுக்கள் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டன. கம்பங்கள் எனப்பட்ட கிராமக் குடியிருப்புகளிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்குக் குடிமாறியவர்கள், பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் கதவை அடைத்துக்கொண்டு வாழ்ந்துவிடக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது. 1960இல் அமைக்கப்பட்ட அரசு அமைப்பான மக்கள் கழகத்தின் கீழ் இயங்கும் இக்குழுக்களின் உறுப்பினர்கள் சம்பளம் பெறாத தொண்டூழியர்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பல, அக்கறை மிகுதியால்தான் நேர்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, குழுவை ஒரு சிறிய நகர மன்றமாக எண்ணிக்கொள்வது. மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர்த் தொட்டி, கீழ்த்தளத் தூய்மை ஆகியவற்றை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர மன்றமே கவனிக்கிறது; அதற்காகத்தான் வீட்டுக்காரர்கள் மாதந்தோறும் சேவை, பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார்கள். கொசுப் பெருக்கம் என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம். எந்த அமைப்பிடம் செல்வதென்று தெரியாதவர்களுக்கு ஒன்சர்விஸ் செயலி இருக்கிறது. வசிப்போர் குழுவிடம் பழுதுபார்க்கும் ஆட்களும் இல்லை, ஆணையிடும் அதிகாரமும் இல்லை. இன்னாருக்கு இன்ன உதவி தேவை என்று அறிந்து, உரிய இடத்துக்கு அவரைக் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை.

இதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். தொண்டூழியத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், தனியாக வசிக்கும் ஒரு பாட்டி தம் குளியலறைக் கூரையிலிருந்து நீர் சொட்டுவதைக் காட்டினார். கீழே ஒரு நீல வாளி. அதன் விளிம்பில் தண்ணீர் தெறிக்காமலிருக்க மடித்துப் போட்ட பழைய துண்டு. "நான் பார்த்துக்கொள்கிறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தகைய கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு என்பதும், அதற்கு வீவக கிளை அலுவலகத்தின் உதவியை நாடலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துச் சென்றபோது அதே வாளி அங்கேயே இருந்தது. "நீதான் பார்க்கிறேன்னு சொன்னியேப்பா, அதான் வேற யார்கிட்டயும் சொல்லல" என்றார். நான் அந்த வாக்கைக் கொடுக்காமல் இருந்திருந்தால், அவர் வேறு யாரிடமாவது கேட்டிருப்பார். தொண்டூழியர் "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லக் கூடாது. "யாரிடம் கேட்க வேண்டுமென்று சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து அவருடன் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

அண்டைவீட்டார் சச்சரவில் தூது போவது இரண்டாவது பெருந்தவறு. மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம், தாழ்வாரத்தில் காயும் துணி, பூசைப் புகை என்று எதுவாக இருந்தாலும், ஒருவர் கோபத்தில் சொன்னதை மற்றவரிடம் கொண்டுசென்றால் சொல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நீங்களும் அதே புளோக்கில் குடியிருப்பவர் என்பதால், விரைவிலேயே ஒருவர் பக்கத்து ஆளாகிவிடுவீர்கள். 1998 முதல் இயங்கும் சமூக மத்தியஸ்த நிலையத்தில், பயிற்சி பெற்ற நடுவர்கள் இரு தரப்பையும் நேருக்கு நேர் பேசவைக்கிறார்கள். அங்கே பேசப்படுவது வெளியே போகாது. அந்த வழியை இருவருக்கும் எடுத்துச் சொல்வதோடு தொண்டூழியர் விலகிக்கொள்வதே நல்லது.

நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்துப் பணியை அளப்பதும் தவறுதான். தீபாவளி ஒன்றுகூடலில் இருநூறு நாற்காலியும் நிறைந்துவிட்டால் மனம் குளிர்கிறது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதும் வருபவர்கள். வராதவர் எந்த வீட்டில் இருக்கிறார், ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் குழுவின் உண்மையான வேலை. ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட அறிவிப்பை மின்தூக்கி அருகே ஒட்டிவிட்டு, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவருக்கு அது எட்டவே எட்டாது. இங்கே தமிழ்த் தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: இந்தியச் சமூகத்தினருக்காக நடக்கும் இந்தியர் நற்பணிச் செயற்குழு நிகழ்ச்சிகளோடு நம் பங்கு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நம் தளத்திலுள்ள சீன முதியவரும் மலாய்க் குடும்பமும் நம் பொறுப்பில் இருப்பவர்களே.

பணக் கணக்கை இருவர் பார்ப்பதும், குடியிருப்பாளரின் தொலைபேசி எண்ணை அவர் சம்மதமின்றிப் பிறருக்குத் தராமலிருப்பதும் நான் விளக்க வேண்டியவை அல்ல.

பலரும் மறப்பது பொறுப்பை ஒப்படைக்கும் முறை. செயலாளர் வீடு மாறும்போது, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது, யார் வீட்டு மணியை இருமுறை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவரோடு போய்விடுகின்றன. எங்கள் குழுவில் இப்போது புதியவர் வந்தால், பழையவர் அவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு தளமாக நடந்து, கதவு திறப்பவரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். அதற்கு நான்கு சனிக்கிழமைகள் பிடிக்கின்றன.