கொலுசுப் பட்டறைச் சாமணமும் ஒரு ஸ்பிட்ஃபயரும்: முதல் மாடல் விமானம் கட்டுவது எப்படி

கிட்டோடு வரும் செய்முறைத் தாளில் எல்லாம் படமாகத்தான் இருக்கும். 1ஐ 2உடன் ஒட்டு, 3ஐ அதற்குள் சொருகு, அவ்வளவுதான். அதை வரைந்தவர் சித்திரை மாதத்துச் சேலத்தில், சீலிங் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்துப் பார்த்திருக்க மாட்டார். பிரஷ் நுனியிலேயே பெயிண்ட் காய்ந்துபோவதும், போர்வெல் தண்ணீர் இறக்கையில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும், ஏற்காட்டுப் பனி கடைசி நாளில் காலை வாரிவிடுவதும் அந்தத் தாளில் கிடையாது. அதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் விமானம் கட்ட உட்காருகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த விமானம்?

1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 1 வாங்குங்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்டார்ட்டர் செட்டாக வாங்கினால் பெயிண்ட், பிரஷ், பசை எல்லாம் பெட்டிக்குள்ளேயே வரும். டமியாவிலும் இதே அளவில் நல்ல ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. நான் ஆன்லைனில்தான் வாங்கினேன்.

1/72 என்றால் ஆறடி மனிதர் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். நிஜ ஸ்பிட்ஃபயரின் இரண்டு இறக்கை நுனிகளுக்கும் நடுவே 11.23 மீட்டர். மாடலில் அது 15.6 சென்டிமீட்டர், ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேல் அளவு. 1/48 இன்னும் பெரியது, பார்க்க அழகு. ஆனால் பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பும் அதிகம், விலையும் அதிகம்.

'ஏன் நம்ம ஊர் விமானம் வேண்டாமா' என்று கேட்பீர்கள். எனக்கும் நேட் என்ற குட்டிப் போர் விமானத்தின் மீதுதான் கண். 1971 போரில் ஸ்ரீநகர் வானத்தில் நேட் ஓட்டி உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செக்கோன்தான் விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். அவருடைய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020இல் தேஜஸ் விமானங்களோடு பக்கத்துச் சூலூரில்தான் மறுபடி தொடங்கியது. ஆனால் ஆரம்பகால நேட், மிக்-21 எல்லாம் பெரும்பாலும் வெள்ளி நிறம். வெள்ளி நிறப் பெயிண்டுக்குக் கீழே ஒரு சின்னக் கீறல்கூட ஒளியாது. முதல் மாடலுக்கு அந்தச் சோதனை வேண்டாம். ஸ்பிட்ஃபயரின் பழுப்பும் பச்சையும் நம் தப்புகளைக் கொஞ்சம் மூடிக்கொடுக்கும். நம் விமானப்படையும் ஸ்பிட்ஃபயர் ஓட்டியதுதான், அதனால் அந்நியம் ஒன்றும் இல்லை.

கருவிகள்

மாடல் கட்டுவதற்கென்று விற்கும் கருவிகள் விலை அதிகம். சேலத்துக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நமக்கு வேண்டியதில் பாதி கிடைத்துவிடும். கூர்முனைச் சாமணம் ஒன்று, சின்ன அரம் இரண்டு (ஒன்று தட்டை, ஒன்று உருண்டை) வாங்கிக்கொள்ளுங்கள். என் மாமா அங்கே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். முதல் சாமணம் அவர் கொடுத்ததுதான்.

அப்புறம் ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் 400, 800, 1500 நம்பர்களில் ஒவ்வொரு தாள், பேப்பர் டேப், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சின்ன சைடு கட்டர், பிளேடு மாற்றும் கத்தி. பசை மட்டும் சரியானதாக இருக்கட்டும். பிரஷ் மூடியோடு பாட்டிலில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட் வேண்டும். டியூபில் வருவது நூல் நூலாக இழுக்கும், எனக்குப் பிடிக்காது.

இந்தச் சிமெண்ட் பெவிகால் மாதிரி ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஒட்டறதுன்னு சொல்லாத கண்ணு, பத்த வெக்கறதுன்னு சொல்லு" என்றார். சரிதான்.

கழுவுதல், வெட்டுதல்

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப்பசை அதில் மிச்சம் இருக்கலாம். பாத்திரம் தேய்க்கும் லிக்விடு நாலு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷால் கழுவி நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வேண்டாம்.

பாகத்தை முறுக்கிப் பிய்க்கவே கூடாது. முதல் வெட்டு பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. இரண்டாவது வெட்டில் மிச்ச முளையை எடுத்து, கடைசித் துளியை அரத்தால் ராவுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிக் குவிக்காதீர்கள். நம்பர் எல்லாம் சட்டத்தில்தான் இருக்கிறது, வெட்டியபின் எது எது என்று தெரியாது.

ஒரு சின்ன யோசனை. தரையில் சம்மணம் போட்டு, லுங்கியோ துண்டோ மடியில் விரித்து உட்காருங்கள். சாமணத்திலிருந்து தெறிக்கும் பாகம் மடியில் விழும். நாற்காலியில் பேன்ட் போட்டு உட்கார்ந்த அன்று ஒரு சக்கர மூடி போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

காக்பிட்

விமானத்தின் உடல் இடது வலது என்று இரண்டு பாதியாக வரும். மூடிவிட்டால் உள்ளே பிரஷ் போகாது. அதனால் காக்பிட்டுக்கு முதலில் பெயிண்ட். உள்சுவர், இருக்கை எல்லாம் சாம்பல் கலந்த பச்சை. கருவிப் பலகை கறுப்பு. பைலட் பொம்மையை உட்காரவைப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். 1/72இல் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத் தெரிவது கொஞ்சம்தான், இங்கே மூன்று நாள் உட்காராதீர்கள்.

உடலை மூடுவது

இதில்தான் மாடலின் தலையெழுத்து இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பசை இல்லாமல் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். எங்காவது இடைவெளி தெரிந்தால் உள்ளே ஏதோ முட்டுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காக்பிட் தரைதான். முட்டுகிற இடத்தை ராவி, மறுபடி பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தபின் பேப்பர் டேப் துண்டுகளால் இரண்டு மூன்று இடத்தில் கட்டிவிடுங்கள்.

இப்போது சிமெண்ட் பிரஷின் நுனியை டேப் இல்லாத இடத்தில் இணைப்பின் மேல் லேசாகத் தொடுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சிமெண்ட் தானாகக் கோட்டோடு ஓடும். அரை நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் கோட்டின் மேல் மயிரிழை போலப் பிதுங்கி வரும். அது வர வேண்டும். வந்தால் இடைவெளி அடைந்துவிட்டது என்று பொருள். ஈரக் கோட்டின் மேல் விரல் மட்டும் படக் கூடாது. பத்திர ஆபீஸில் வைத்த ரேகை மாதிரி அப்படியே பதிந்துவிடும். டேப் இருந்த இடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், டேப்புக்குக் கீழே சிமெண்ட் புகுந்தால் அங்கேயும் பிளாஸ்டிக் கரையும்.

ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். மறுநாள் அந்தப் பிதுக்கத்தை 400இல் ஆரம்பித்து 800, 1500 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கோடு இன்னும் இருக்கிறது. கண்ணை நம்பாதீர்கள். பள்ளம் இருந்தால் கொஞ்சம் மாடல் பட்டி வைத்து, காய்ந்தபின் தேயுங்கள். கார் வேலைக்கான பட்டியும் ஆகும். கெமிக்கல் வாசனை நெடி, ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.

இறக்கைகள்

ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் தட்டையாக நீட்டிக்கொண்டிருக்காது, நுனிப் பக்கம் சற்று மேலே தூக்கியிருக்கும், சுமார் 6 டிகிரி. ஒட்டியவுடன் மேஜைமேல் வைத்து இரண்டு நுனியின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட எதிரிலிருந்து பார்த்தால் நொண்டுவது போலத் தெரியும். இரண்டு நுனிக்கும் கீழே ஒரே உயரத்துக்குத் தீப்பெட்டியோ கார்டோ அடுக்கி, காயும்வரை அப்படியே விடுங்கள். வால் இறக்கைகள் இதற்கு நேர்மாறு, மேஜைக்கு இணையாக நேராக நிற்க வேண்டும்.

சக்கரக் கால், புரொப்பல்லர், ஆன்டெனா கம்பம் இவற்றை இப்போது ஒட்டாதீர்கள். பெயிண்ட் அடிக்கும்போது உடைவது இவைதான்.

கண்ணாடி மூடியை ஃபெவிக்விக் மாதிரி அவசரப் பசையால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி உள்ளே மூடுபனி போலப் பூத்துவிடும். சாதாரண வெள்ளை பெவிகாலைப் பல்குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும், பிதுங்கினாலும் ஈரப் பட்ஸால் துடைக்கலாம். சட்டங்களை விட்டு, கண்ணாடிப் பகுதியை மட்டும் டேப்பால் மூடுங்கள்.

பெயிண்ட்

முதலில் சாம்பல் பிரைமர், மெல்லியதாக. பிரைமர் ஏறியதும் நேற்றுவரை கண்ணில் படாத கோடெல்லாம் பல்லைக் காட்டும். திரும்பப் போய்த் தேய்க்க வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் தேய்ப்பதுதான்.

பிறகு வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. அடிப்பக்கம் 'ஸ்கை' எனப்படும் நிறம். பேர்தான் ஸ்கை, பார்க்க வெளிறிய பச்சை கலந்த நீர்மோர் போல இருக்கும். மேல்பக்கம் முழுவதும் டார்க் எர்த், காய்ந்த வரப்பு மண் நிறம். அது காய்ந்தபின் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு, டார்க் கிரீன் திட்டுகள்.

அக்ரிலிக் பெயிண்டை அப்படியே எடுத்து அடித்தால் நம் ஊர் வெயிலில் பிரஷ் தடம் தடமாக நிற்கும். கத்திரி வெயில் மாதத்தில் பகலில் அடிக்கவே வேண்டாம். விடிகாலையோ ராத்திரியோ, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். தட்டில் எடுத்து, ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவை இழுத்த இடத்துக்கு உடனே திரும்பாதீர்கள், பாதி காய்ந்த பெயிண்ட் உரிந்து வரும். முதல் கோட் திட்டுத் திட்டாகப் பார்க்கவே சகிக்காது. மனம் தளராமல் காயவிட்டு இரண்டாவது, மூன்றாவது அடியுங்கள்.

புரொப்பல்லர் கறுப்பு, நுனிகள் மஞ்சள். நிஜத்தில் 4 அங்குலம், நம் அளவில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மஞ்சளை முதலில் அடித்து, நுனியை மெல்லிய டேப்பால் மூடி, மேலே கறுப்பு அடித்தால் கோடு சுத்தமாக வரும்.

டெக்கல்

டெக்கல் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. அதன்மேல் நேரே டெக்கல் வைத்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். வெள்ளி மின்னினால் சேலத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், இங்கே மட்டும் அது குறை. ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட், ஒரு நாள் காயட்டும்.

தண்ணீர் விஷயம். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் நனைத்த முதல் டெக்கலைச் சுற்றி உப்பு வளையம் காய்ந்து நின்றது. ஆர்ஓ தண்ணீரோ, பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக வெட்டி அரை நிமிடம் நனைத்து, தாளிலிருந்து தானாக நகரும்வரை காத்திருந்து, ஈர இறக்கைமேல் நகர்த்துங்கள். இடம் சரியானதும் பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள்.

இறக்கையின் முன் ஓரத்தில் சின்னச் சிவப்புச் சதுரங்கள் வரும். அலங்காரம் இல்லை அது. எட்டு மெஷின் கன்களின் வாயில் தூசியும் குளிரும் போகாமல் துணி ஒட்டியிருப்பார்கள், முதல் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். இந்தச் சதுரங்களை ஓரத்தின் மேலே பாதி, கீழே பாதி மடித்து ஒட்ட வேண்டும். எனக்கு முழு மாடலிலும் பிடித்த வேலை இதுதான்.

கடைசி வார்னிஷ், ஏற்காட்டில் பட்ட பாடு

டெக்கல் காய்ந்தபின் மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு அடங்கி, நிஜ விமானம் மாதிரி ஆகிவிடும். ஸ்ப்ரே டப்பாவில் அடிப்பது சுலபம். ஐப்பசி மாதம் ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, சும்மா இருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று மாடலைத் துணியில் சுற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். மாலையில் திண்ணையில் வைத்து ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் விமானம் முழுக்க வெண்பூசணித் தோல் மாதிரி வெளுத்துப் பூத்துவிட்டது. "என்னடா இது, திருநீறு பூசிட்டியா" என்றார் பெரியம்மா.

வார்னிஷில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. பனி ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, அதுதான் அந்த வெண்மை. அழவேண்டியதில்லை. சேலம் இறங்கி, வெயில் அடித்த ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்தேன். ஏறக்குறைய எல்லாம் மறைந்தது. மறுநாள் அதே நேரத்தில் மேட், ஓர் அடி தள்ளி நின்று, தூறல் மாதிரி மூன்று தடவை. மழை நாளிலும் மலைமேலும் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள்.

அழுக்கு, புகைக்கறை, பெயிண்ட் உதிர்ந்த தடம் எல்லாம் போட்டுக்காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. முதல் மாடலில் அதை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. சுத்தமான விமானமாக நிற்கட்டும்.

இப்போது சக்கரக் கால்கள், புரொப்பல்லர், கம்பம். ஒட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் வையுங்கள், பெயிண்டுமேல் அது பிடிக்காது. கண்ணாடி டேப்பைச் சாமணத்தால் மெல்ல உரியுங்கள்.

முடித்ததும் பட்டறைக்கு எடுத்துப்போய் மாமாவிடம் கொடுத்தேன். ட்யூப் லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை வயிற்றுப் பக்கம் ஓட்டினார். "வாலுக்கு முன்னாடி ஒரு இடத்துல ராவாம விட்டுட்டியே கண்ணு" என்றார். ஒரு சென்டிமீட்டர் இருக்கும், டேப் ஒட்டியிருந்த இடம்.