பிள்ளையைக் கூட்டிப்போகாமல் சப்பாத்து வாங்க

சம்பளத்துக்குப் பிறகு ஹட்டன், தலவாக்கலை டவுனுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாவிட்டால் ஒரு காட்போட் துண்டு போதும். முதல்நாள் பின்னேரம் அளவெடுங்கள். நாளெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், காலையில் எடுத்த அளவு பிறகு இறுக்கும். மேசு போட்டு, இரண்டு காலையும் ஊன்றி காட்போட்டின் மேல் நிற்க வையுங்கள். உட்கார்ந்தபடி எடுத்தால் அளவு குறையும். பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரைந்து, பெரியதையே கணக்கில் எடுங்கள். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் வரையுள்ள நீளத்தோடு 1 சென்ரிமீற்றர் கூட்டி, ஒரு விரல் அகலப் பட்டியாக வெட்டுங்கள். கடையில் அந்தப் பட்டி சப்பாத்துக்குள் மடங்காமல் படுத்தால் நீளம் சரி. இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும். வரைந்த பாதத்தைச் சப்பாத்தின் அடியோடு வைத்து அகலமும் பாருங்கள்.

"அடுத்த வருஷமும் போடட்டும்" என்று இரண்டு இலக்கம் பெரிதாக எடுக்கவே வேண்டாம். குதிகால் நழுவிக் கொப்புளம் வரும். மழையில் நனைந்த லயத்துப் படிகளில் பிள்ளை தடுக்கி விழும். வழுக்காமலிருக்க, அடியில் ஆழமான பள்ளக் கோடுகள் உள்ள சப்பாத்தாக எடுங்கள்.

சப்பாத்து நனைந்து வந்தால் அடுப்போரம் வைக்காதீர்கள், பசை விட்டு அடி கழன்றுவிடும். லேசைக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் தாளை மாற்றுங்கள்.

அளவு பிழைத்தால் மாற்றித் தருவார்களா என்று காசு கொடுக்க முன்பே கேளுங்கள். பில்லும் பத்திரம்.