சிக்ஸ்த் ஃபார்மில் எந்த மூன்று பாடங்கள்? இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

பிள்ளை பதினோராம் ஆண்டுக்குப் போன சில வாரங்களிலேயே வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். பெற்றோரும் பிள்ளைகளும் வந்து பார்க்கப் பள்ளிகள் ஓப்பன் ஈவினிங் வைக்கும், விண்ணப்பப் படிவம் வரும், அதில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் படிப்பான ஏ லெவலுக்குப் பாடங்களைக் குறிக்கச் சொல்வார்கள். பிள்ளைக்கு வயது 15. நாமோ இங்கே படிக்கவில்லை. அதனால் ஊரில் பார்த்த முறையை வைத்தே யோசிக்கிறோம். இலங்கையில் உயர்தரம் படித்தவருக்கு பயோ, மெத்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ் என்ற பிரிவுகள் மனதில் இருக்கும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவருக்கு 'எந்த குரூப்?' என்பதே முதல் கேள்வி. இங்கே குரூப் என்று எதுவும் கிடையாது. வேதியியலோடு வரலாறும் கணிதமும் எடுக்கலாம். இயற்பியலோடு ஓவியம் எடுக்கலாம். இந்தச் சுதந்திரம் நல்லதுதான், ஆனால் எதை விட்டால் எந்த வழி அடைபடும் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

கீழே உள்ளது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் ஹையர் என்ற வேறு முறை இருக்கிறது.

படி 1: அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

பதினோராம் ஆண்டின் முடிவில் ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வு. அதன் மதிப்பெண்கள் 9 முதல் 1 வரை, 9 தான் உச்சம். அதற்குப் பிறகு 12, 13 ஆம் ஆண்டுகள்தான் சிக்ஸ்த் ஃபார்ம். 18 வயது வரை ஏதாவது ஒரு வகையில் கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

வழக்கமாக மூன்று ஏ லெவல் பாடங்கள். தேர்வு முழுவதும் இரண்டாம் ஆண்டின் முடிவில்தான். முதலாண்டு மதிப்பெண்ணைச் சேமித்து வைக்கிற பழைய முறை 2015இல் தொடங்கிய மாற்றங்களோடு போய்விட்டது. ஆகவே மூத்த பிள்ளைகளின் அனுபவத்தைக் கேட்கும்போது அவர்கள் எந்த ஆண்டில் எழுதினார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பிள்ளையிடம் வேறு மாதிரிக் கேளுங்கள்

'என்னவாக வரப்போகிறாய்?' என்று கேட்டால், பெற்றோர் எதிர்பார்க்கிற பதிலையே பல பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதைவிட, எந்தப் பாடத்தின் வீட்டுவேலையைச் சொல்லாமலே முதலில் எடுக்கிறார்கள், எந்தப் பாடத்தில் புரியாத ஒன்று வந்தால் விடாமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள், எழுதிக்கொண்டே போவது பிடிக்கிறதா அல்லது கணக்குப் போடுவது பிடிக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரு தாளில் பிள்ளையே ஐந்தாறு பாடங்களை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வான மாக் தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணையும் எழுதட்டும்.

உளவியல், சமூகவியல், சட்டம், பொருளியல் போன்ற பாடங்களைப் பல பள்ளிகள் ஜிசிஎஸ்இ அளவில் வைப்பதில்லை. பெயரைப் பார்த்து மயங்கி எடுப்பவர்கள் உண்டு. ஆகவே அந்தப் பாடத்தின் ஒரு பழைய ஏ லெவல் வினாத்தாளைத் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உளவியலில் ஆய்வு முறைகளும் புள்ளியியலும் கணிசமாக வரும் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

படி 3: பட்டப்படிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளை சொல்லும் துறைகள் இரண்டு மூன்றை எடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் இணையதளத்தில் அந்தப் படிப்பைத் தேடி, நான்கைந்து பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தகுதிப் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், ஏனென்றால் ஒரே படிப்புக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் கேட்பார்கள். வாசிக்கும்போது 'கட்டாயம்' என்பதை ஒரு நிறத்திலும் 'விரும்பத்தக்கது' என்பதை வேறு நிறத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம், பெரும்பாலான தமிழ் வீடுகளில் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. வேதியியலும் உயிரியலும் எடுத்தால் ஏறத்தாழ எல்லா மருத்துவக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் வேதியியலைக் கட்டாயமாகக் கேட்டு, அதோடு உயிரியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றில் குறைந்தது ஒன்றைக் கேட்கின்றன. மூன்றாவது பாடத்தைப் பெரும்பாலான இடங்கள் பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றன. வரலாறோ ஆங்கில இலக்கியமோ ஸ்பானிஷோ இருந்தாலும் சரிதான். இதைத் தெரியாமல், பிடிக்காத இயற்பியலை மூன்றாவதாக எடுத்து அதில் ஏ கிரேடைத் தவறவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவ இடங்கள் பொதுவாக மூன்று ஏ கேட்பவை என்பதால் அந்த ஒரு கிரேடு பெரிய இழப்பு. பாடங்களுக்கு மேல் யூகேட் என்ற தேர்வும் உண்டு, விண்ணப்பத்துக்கு முந்தைய கோடையில் அதை எழுத வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாள் அக்டோபர் 15. யூகாஸில் தரப்படும் ஐந்து தெரிவுகளில் நான்கைத்தான் மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம்.

பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் வேதியியல், உயிரியல் இரண்டையுமே பெரும்பாலும் கேட்கின்றன. மருந்தியலுக்கு முக்கியம் வேதியியல். கண்பார்வைப் பரிசோதனைத் துறையான ஆப்டோமெட்ரிக்கு, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் என்பவற்றில் இரண்டு இருந்தால் பல இடங்களில் போதும்.

பொறியியல் என்றால் கணிதமும் இயற்பியலும். வேதிப் பொறியியல் மட்டும் இயற்பியலைவிட வேதியியலையே அதிகம் எதிர்பார்க்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ லெவல் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முன்னணிப் பல்கலைக்கழகங்கள் கேட்பது கணிதம். இம்பீரியல் கல்லூரி, கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களுக்கு கணிதத்துக்கு மேல் தனி ஏ லெவலாக எடுக்கும் ஃபர்தர் மேத்ஸும் இருந்தால் மிக நல்லது. பொருளியலிலும் இதே கதைதான். எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) கணித ஏ லெவலைக் கட்டாயமாகக் கேட்கிறது, பொருளியல் ஏ லெவலைக் கேட்பதில்லை.

சட்டத்துக்குக் கட்டாயப் பாடம் என்று பொதுவாக எதுவும் இல்லை. சட்டம் ஏ லெவல் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வாதத்தைக் கட்டி நீளமாக எழுதப் பழக்கும் வரலாறு, ஆங்கில இலக்கியம் போன்ற ஒன்று இருந்தால் கை கொடுக்கும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், யூசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) போன்ற இடங்களுக்கு எல்நாட் என்ற தேர்வும் எழுத வேண்டும். கட்டடக்கலைக்கு ஓவியத் தொகுப்பு கேட்கும் இடங்கள் பல, அதனால் ஆர்ட் எடுப்பதை நேரம் வீணாவதாகச் சொல்லித் தடுத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் வாசித்து முடித்தால் ஒன்று தெரியும்: பெரும்பாலான துறைகள் ஒரு பாடத்தையோ இரண்டையோதான் கட்டாயமாகக் கேட்கின்றன. மீதி இடத்தைப் பிள்ளையின் விருப்பத்துக்கு மனதாரக் கொடுங்கள்.

படி 4: இன்னும் முடிவாகவில்லை என்றால்

பதினைந்து வயதில் துறை முடிவாகாமல் இருப்பது இயல்பு. அப்போது 'எதை எடுப்பது' என்பதைவிட 'எதை விட்டால் என்ன போகும்' என்று பார்ப்பது எளிது. வேதியியலை விட்டால் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், கால்நடை மருத்துவம் பெருமளவு போய்விடும். கணிதத்தை விட்டால் பொறியியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் நல்ல இடங்களில் பொருளியலும் போகும். இயற்பியலை விட்டால் பொறியியலில் பெரும்பகுதி போகும். இசை, மொழிகள் போன்றவற்றையும் நடுவில் விட்டுவிட்டு அதே பட்டப்படிப்புக்குத் திரும்புவது கடினம். மற்றவற்றை விடுவதால் அடைபடும் வழிகள் குறைவு. சமூகவியல் ஏ லெவல் இல்லாமல் சமூகவியல் பட்டம் படிக்கலாம்.

போன வழி அடியோடு மூடிவிடுவதும் இல்லை. சில பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு முன் ஆயத்தப்படுத்தும் ஃபவுண்டேஷன் இயர் இருக்கிறது. ஆனால் அது கூடுதலாக ஓர் ஆண்டு, பெரும்பாலும் கூடுதலாக ஓர் ஆண்டுக் கடனும்கூட. கணிதம் நன்றாக வருகிற, துறை முடிவாகாத பிள்ளைக்கு நான் சொல்வது: கணிதம், ஓர் அறிவியல், எழுத்து அதிகமுள்ள ஒன்று. இங்கிலாந்தில் அதிகம் பேர் எடுக்கும் ஏ லெவலும் கணிதம்தான். கணிதம் வராத பிள்ளையை இந்த வாக்கியத்தைக் காட்டி வற்புறுத்த வேண்டாம்.

இன்னொன்று. பொருளியலும் பிசினஸும் சேர்த்து எடுத்தால் உள்ளடக்கம் நிறைய ஒன்றின்மேல் ஒன்று வரும். சில பள்ளிகள் அந்தச் சேர்க்கையை அனுமதிப்பதில்லை.

படி 5: அந்த கிரேடு வருமா?

ஒவ்வொரு சிக்ஸ்த் ஃபார்மும் பாடத்துக்குப் பாடம் ஜிசிஎஸ்இ தகுதி வைத்திருக்கும். கணிதத்துக்குப் பல இடங்களில் 7, ஃபர்தர் மேத்ஸுக்கு 8 என்று கேட்பார்கள். ஜிசிஎஸ்இக்கும் ஏ லெவலுக்கும் நடுவில் உள்ள ஏற்றம் கணிதம், இயற்பியல், வேதியியலில் செங்குத்தானது. வேதியியலில் 6 எடுத்த பிள்ளை ஏ லெவலில் ஏ எடுக்கவே முடியாது என்பதில்லை. ஆனால் அதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்பதை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

கிரேடுகளை எண்ணாக மாற்றும் யூகாஸ் புள்ளிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். உச்ச கிரேடான ஏ ஸ்டாருக்கு 56, ஏக்கு 48, பிக்கு 40, சிக்கு 32. மூன்று ஏ எடுத்தால் 144, மூன்று சி எடுத்தால் 96. பாடத்தைப் பொறுத்து இந்தப் புள்ளி மாறுவதில்லை. வரலாற்றில் வாங்கும் ஏக்கும் இயற்பியலில் வாங்கும் ஏக்கும் ஒரே 48 தான். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் 8 வந்து, இயற்பியலில் 6 வந்திருந்தால், கௌரவத்துக்காக இயற்பியலைத் திணிப்பதில் ஒரு பயனும் இல்லை.

நான்கு ஏ லெவல் எடுத்தால் நல்லதா என்று எப்போதும் கேட்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்றை வைத்தே இடம் தருகின்றன. நான்காவது பெரும்பாலும் ஃபர்தர் மேத்ஸுக்காகத்தான் பொருத்தம். கூடுதலாக ஏதாவது செய்ய விரும்பும் பிள்ளைக்கு ஈபிக்யூ என்ற ஆய்வுத் திட்டம் இருக்கிறது. சொந்தமாகத் தலைப்பு எடுத்து ஆராய்ந்து எழுதுவது, ஏ லெவலில் பாதி மதிப்பு.

படி 6: ஏ லெவல் அல்லாத வழிகளையும் பாருங்கள்

டி லெவல் 2020இல் வந்தது. இரண்டு ஆண்டுகள், ஒரே துறை, அதற்குள் குறைந்தது 315 மணி நேரம் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி. அதன் உச்ச மதிப்பெண்ணுக்கு 168 புள்ளிகள், அதாவது மூன்று ஏ ஸ்டாருக்குச் சமம். டிஜிட்டல், சுகாதாரம், கணக்கியல் போன்ற துறைகளில் தெளிவான விருப்பம் உள்ள பிள்ளைக்கு நல்ல வழி. எல்லாப் பல்கலைக்கழகமும் எல்லாப் படிப்புக்கும் ஏற்பதில்லை என்பதால் படி 3இல் செய்த தேடலை இதற்கும் செய்யுங்கள். பிடெக் என்ற தொழில்சார் தகுதியும் உண்டு. ஊரில் சொல்லும் பொறியியல் பட்டம் அல்ல அது. இந்த வகைத் தகுதிகளில் அரசு மாற்றங்கள் செய்துவருவதால் நீங்கள் சேரும் ஆண்டில் எது நடக்கிறது என்று கல்லூரியிடமே கேளுங்கள்.

டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் பற்றி நம் ஆட்கள் இன்னும் அதிகம் பேச வேண்டும். 18 வயதில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் படிக்கலாம், கல்விக் கட்டணம் பிள்ளை கட்ட வேண்டியதில்லை. கணக்கியல், மென்பொருள், பொறியியல், வழக்கறிஞர் பயிற்சி வரை இந்த வழி இருக்கிறது. போட்டி கடுமை. அவர்களும் ஏ லெவல் கிரேடு பார்க்கிறார்கள், சில பொறியியல் இடங்கள் கணிதத்தைக் கேட்கின்றன.

படி 7: ஓப்பன் ஈவினிங்கில் கேட்க வேண்டியவை

கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். கால அட்டவணையில் எந்தப் பாடங்கள் ஒரே நேரத்தில் மோதுகின்றன? வேதியியலும் இசையும் ஒரே பிளாக்கில் இருந்தால் இரண்டையும் எடுக்க முடியாது. சேர்வோர் எண்ணிக்கை குறைந்தால் எந்தப் பாடம் நிறுத்தப்படும்? கடந்த ஆண்டில் இந்தப் பாடத்தில் எத்தனை பேர் ஏ, பி எடுத்தார்கள்? பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் கிரேடு குறைந்தால் பிள்ளையை என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது கேள்விகளைப் பிள்ளை கேட்கட்டும். அங்கே நிற்கும் சிக்ஸ்த் ஃபார்ம் மாணவர்களோடு தனியாகப் பேச விட்டு நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் அங்கே இருக்கும் மூத்த அண்ணா, அக்காமாரிடமும் கேட்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் விண்ணப்பித்து நிறுத்த வேண்டாம். சொந்தப் பள்ளி, பக்கத்துப் பள்ளி, ஒரு சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி என்று இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள்.

படி 8: ஆகஸ்ட்டும் செப்டம்பரும்

ஜிசிஎஸ்இ முடிவு ஆகஸ்ட்டில் ஒரு வியாழக்கிழமை வரும். சேர்க்கை அன்றோ அடுத்த சில நாட்களிலோ நடக்கும், அந்த வாரத்தில் ஊருக்குப் போகப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்தால் சிக்ஸ்த் ஃபார்ம் அலுவலகத்தோடு அன்றைக்கே பேசுங்கள். பல இடங்களில் பாடத்தை மாற்றிக்கொண்டு சேரவிடுவார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தால், முன்பு தகுதி இல்லை என்று விட்ட பாடத்தையும் அப்போது கேட்டுப் பார்க்கலாம். கணிதத்திலோ ஆங்கிலத்திலோ 4க்குக் கீழே வந்திருந்தால் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டியிருக்கும், அதற்கும் அட்டவணையில் இடம் வேண்டும்.

வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களில் பாடம் மாற்ற பொதுவாக அனுமதி உண்டு, கடைசித் தேதியைப் பள்ளி அறிவிக்கும். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மாலை பிள்ளையோடு உட்கார்ந்து மூன்று பாடங்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் தயக்கம் இருந்தால், அந்தப் பாடத்தின் ஆசிரியரையும் மாற்றிப் போக நினைக்கும் பாடத்தின் ஆசிரியரையும் பார்த்துவிட்டு, தேதி முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.