காரைக்குடியில் வாங்கிய கண்ணாடிப் பூச்சாடியின் பிறப்பிடத்தைக் கண்டறிவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடை ஒன்றில் வண்ணக் கண்ணாடிப் பூச்சாடியைக் கையில் எடுத்து, இது எந்த ஊரில் செய்தது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை 'பெல்ஜியம்' என்பதாகவே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கண்ணாடிகளுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் அந்தப் பெயர், கண்ணாடியாலான எல்லாப் பொருளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. விற்பவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருக்கு விற்ற வீட்டாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன நகரத்தார் இரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ வாங்கிவந்த பொருள், அந்த ஊர்களில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பியச் சரக்கு அந்தத் துறைமுகங்களுக்குக் கப்பலில் வந்து இறங்கி, அங்கிருந்து நம் ஊருக்கு வந்தது. ஆகவே ஒரு சாடி வந்த வழியையும் அது பிறந்த இடத்தையும் வேறுவேறு கேள்விகளாக வைத்துக்கொண்டு தேடத் தொடங்க வேண்டும். முதலில் செய்முறை, பிறகு நாடு, கடைசியில் பட்டறையின் பெயர் என்பதே பிழை குறைந்த வரிசை என்று நான் கருதுகிறேன். பெயரை முதலில் முடிவு செய்துவிட்டால், அதற்கு ஏற்ற அடையாளங்களை மட்டுமே கண் தேடும்.

சாடியை முழுவதும் கழுவுவதற்கு முன் அடிப்புறத்தையும் பக்கங்களையும் பார்த்துவிடுங்கள். காகிதச் சீட்டோ மெல்லிய உலோகத்தாள் சீட்டோ ஒட்டியிருந்தால், அதில் பாதி கிழிந்திருந்தாலும் நீர் படாமல் காக்க வேண்டும். இத்தாலியின் முரானோத் தீவுச் சாடிகள் பலவற்றுக்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு எழுத்து அடையாளமே கிடையாது. பித்தளைக்குப் பயன்படும் புளியும் சாம்பலும் இங்கே கூடவே கூடாது. பொன் பூச்சும், மயில்கழுத்து நிறம் காட்டும் மேற்பூச்சும் தேய்ந்துபோனால் திரும்ப வாரா. வெதுவெதுப்பான நீரும், சிறிதளவு மென்மையான சோப்பும், பருத்தித் துணியும் போதும்.

அடுத்து முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாடியைக் கவிழ்த்து, அடியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சாடியின் வேறெந்தப் பகுதியையும்விட அடிதான் அதிகம் பேசும். ஊதிச் செய்த சாடியின் வாயைத் திருத்தி முடிக்கும்வரை, அதன் அடியை ஓர் இரும்புத் தண்டில் ஒட்டிப் பிடித்திருப்பார்கள். வேலை முடிந்ததும் தண்டிலிருந்து தட்டி விலக்குவார்கள். அப்போது ஏற்படும் வடுவைத் துறையினர் பான்டில் என்பார்கள். சில பட்டறைகள் அதைச் சொரசொரப்பாக அப்படியே விட்டன. சில பட்டறைகள் அரைத்து மெருகேற்றி, நாணயம் பதிந்த குழிபோல் வழவழப்பாக ஆக்கின. வடு இருந்தால் கைவேலை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் வடு இல்லை என்பதனால் மட்டும் இயந்திர வேலை என்று தீர்த்துவிடக் கூடாது. அடி முழுவதையும் தட்டையாக அரைத்து வடுவை நீக்கியிருக்கலாம், அல்லது தண்டுக்குப் பதிலாகப் பிடிகருவியால் பற்றியிருக்கலாம்.

அதே இடத்தில் தேய்மானத்தையும் பாருங்கள். எழுபது எண்பது ஆண்டுகள் மேசையிலும் அலமாரியிலும் நகர்த்தி வைக்கப்பட்ட சாடியின் அடி விளிம்பில், நுண்ணிய கீறல்கள் நீளமாகவும் குட்டையாகவும் பல திசைகளில் ஓடும். அதுவும் தரையைத் தொடும் மேட்டில் மட்டுமே இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழமை ஏற்றியிருந்தால் கீறல்கள் ஒரே திசையில் செல்லும், தரையைத் தொடாத பள்ளத்திலும் தெரியும். இந்தச் சோதனைக்கு விரல்நுனியும் நல்ல வெளிச்சமும் போதுமானவை.

உடலில் அச்சுக் கோடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கோடு இருந்தால், உட்புறத்திலும் விரலை விடுங்கள். வெளியே பூவேலை மேடாக இருக்க உள்ளே வழுவழுப்பாக இருந்தால், உருகிய கண்ணாடியை அச்சிலிட்டு அழுத்திச் செய்தது. வெளிமேடு உள்ளே பள்ளமாகப் பின்தொடர்ந்தால், அச்சுக்குள் ஊதிச் செய்தது.

இனிக் கண்ணாடியின் சரக்கையே சோதிக்க வேண்டும். 'பெல்ஜியமா' என்ற கேள்விக்கு ஓரளவேனும் விடை தரக்கூடிய சோதனை இது. ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள். முதலில் சாடியின் எடையைக் கிராமில் எடுங்கள். பிறகு, சாடி முழுவதும் மூழ்கக்கூடிய அளவு நீர் நிரம்பிய வாளியை எடைக்கருவியில் வைத்து, கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். சாடியை உறுதியான நூலில் கட்டி, உட்குழியில் காற்று தங்காமல் நீர் நிரம்பும்படி சாய்த்து இறக்கி, வாளியின் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறு தொங்கவிட்டால், கருவி காட்டும் கிராம் எண்ணே சாடியின் கன சென்டிமீட்டர் அளவாகும். எடையை அந்த அளவால் வகுத்தால் அடர்த்தி வரும். 1,450 கிராம் எடையுள்ள சாடி நீரில் 490 காட்டினால், அடர்த்தி 2.96. சாதாரணச் சோடாக் கண்ணாடி 2.5-ஐ ஒட்டி நிற்கும். ஈயம் கலந்த படிகக் கண்ணாடி 2.9-க்கு மேல் ஏறும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1969-இல் வகுத்த விதியும், ஈயப் படிகம் என்ற பெயருக்கு 24 விழுக்காடு ஈய ஆக்சைடும் 2.90 அடர்த்தியும் வேண்டும் என்றே சொல்கிறது. உட்குமிழிகள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட சாடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதன் பயன் என்னவென்றால், பெல்ஜியத்தின் புகழ்பெற்ற வால் சேன் லம்பேர் பட்டறை, லியேஜ் நகருக்கு அருகே செராங்கில் 1826-இல் தொடங்கியது, ஈயப் படிகத்துக்குப் பெயர்பெற்றது. இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவின் பழைய மரபோ மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாசு சேர்த்தது. கார்லோவி வாரியில் 1857-இல் தொடங்கிய மோசர் பட்டறை இன்றுவரை ஈயமில்லாமலே செய்கிறது. ஆகவே சிவப்பு மேலடுக்கை வெட்டி வெண்மை காட்டிய சாடியொன்று 2.5 அடர்த்தி காட்டினால், பெல்ஜியம் என்ற சொல்லை ஐயத்தோடு பார்க்கலாம். கனமானது உயர்ந்தது, இலேசானது மட்டம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அதே சிவப்புச் சாடியின் வெட்டு விளிம்பையும் உருப்பெருக்கியால் பாருங்கள். நிறத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் தடிப்பு இருந்தால், அது உண்மையான மேலடுக்கு. தடிப்பே இல்லாமல் நிறம் மேற்பரப்போடு முடிந்தால், அது பூசிச் சுட்ட சாயம். 1830-களில் பொஹீமியாவில் பிரெடரிக் எகர்மான் பரப்பிய முறை.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு இருந்தால், இருட்டறையில் அதைக் காட்டுங்கள். பளிச்சென்ற பச்சை ஒளி வந்தால் யுரேனியம் உண்டு; மங்கலான பச்சை மாங்கனீசால் வருவது.

எழுத்து அடையாளங்களில் என் நம்பிக்கைக்கு முதலில் உரியவை நாட்டுப் பெயர்கள். அவற்றில் காலமும் சேர்ந்தே வருகிறது. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918-இல் பிறந்து 1992-ஓடு முடிந்தது. அந்தப் பெயருள்ள சாடி, கொள்ளுப்பாட்டனார் 1900-இல் கொண்டுவந்ததாக இருக்க முடியாது. மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. இங்கிலாந்துப் பொருள்களில் 1842 முதல் 1883 வரை சாய்சதுரப் பதிவுக்குறியும், 1884 முதல் பதிவெண்ணும் உண்டு. ஒன்றில் தொடங்கிய அந்த எண் வரிசை, 1900-இன் தொடக்கத்துக்குள் மூன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டது. அந்த ஆண்டுகள் வடிவத்தைப் பதிவு செய்த காலத்தைக் குறிப்பவை. பொருள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் செய்யப்பட்டிருக்கலாம். மயில் தலை முத்திரை இருந்தால், அது கேட்ஸ்ஹெட் நகரின் சவர்பி நிறுவனம் 1876-இல் பதிவு செய்தது.

நம் நாட்டுச் சாடிகளையும் மறக்கக் கூடாது. ஆரஞ்சும் ஊதாவுமாக மின்னும் மேற்பூச்சோடு, மீன், யானை, பூங்கொத்தை ஏந்திய கை போன்ற வடிவங்களில் வரும் சாடிகளின் அடிப்பகுதியில் 'ஜெயின்' என்ற ஆங்கில எழுத்துகள் அச்சிலேயே வார்க்கப்பட்டிருந்தால், அது உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்தின் ஜெயின் கண்ணாடிப் பட்டறையில் செய்தது. வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்து இத்தகைய சாடியொன்றை நான் வாங்கி, வீட்டுக்கு வந்தபின்தான் எழுத்தைப் படித்தேன். இன்று என்னிடமுள்ளவற்றில் அதைத்தான் மிகவும் விரும்புகிறேன்.

கையொப்பங்களிடம் கடுமையாக இருங்கள். பிரெஞ்சுக் கலைஞர் எமில் கால்லே 1904-இல் இறந்தார். அதன்பின் சில காலம் அவர் பெயரோடு விண்மீன் குறி சேர்க்கப்பட்டது. ருமேனியாவில் அண்மைக் காலத்தில் செய்த போலிகளில் அந்தப் பெயருடன் 'டிப்' என்ற சொல் இருக்கும்; 'வகை' என்பது அதன் பொருள். அதை அரைத்து நீக்கிவிட்டு விற்பதும் உண்டு. ஆகவே கையொப்பத்தின் அருகே மட்டும் மேற்பரப்பு மழுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். இன்னொரு பிரெஞ்சுக் கலைஞரான லாலிக்கின் சாடியில் பெயருக்கு முன் 'ஆர்' என்ற முதலெழுத்து இருந்தால், ரெனே லாலிக் மறைந்த 1945-க்கு முற்பட்டது என்பது பொது விதி. அந்த எழுத்தையும் பின்னாளில் பொறித்துவிட முடியும் என்பதால், செய்நேர்த்தியும் அதற்கு ஒத்துவர வேண்டும். பொஹீமியாவின் லோட்ஸ் பட்டறையிலோ பெரும்பான்மையான சாடிகளுக்குக் கையொப்பமே இடவில்லை. வெறும் அடியைக் கண்டு மனந்தளர வேண்டாம். புதிதாய்ப் பொறித்த பெயரைக் கண்டால்தான் அஞ்ச வேண்டும்.

நம் பகுதியில் ஏமாற்றக்கூடிய பெயர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கீழே இளமஞ்சளாகத் தொடங்கி மேலே ரோசா நிறமாக மாறும் 'பர்மீஸ்' கண்ணாடியைப் பர்மாவோடு இணைத்துவிடுவது செட்டிநாட்டில் எளிது. ஆனால் அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மவுண்ட் வாஷிங்டன் நிறுவனம் 1885-இல் காப்புரிமை பெற்ற வகை. இங்கிலாந்தின் தாமஸ் வெப் நிறுவனமும் உரிமம் பெற்றுச் செய்தது. யுரேனியமும் பொன்னும் சேர்ந்தது என்பதால், புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும்.

இவ்வளவும் பார்த்தபின் உயரம், எடை, அடர்த்தி, அடியின் படம், பக்கவாட்டுப் படம் ஆகியவற்றை ஒரே தாளில் குறித்து, அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்துள்ள படங்களோடு ஒப்பிடுங்கள். நிறத்தைவிட வாய் விளிம்பின் முடிப்பும் அடியின் முடிப்பும் ஒத்துப்போவதற்கே அதிக மதிப்புத் தாருங்கள். விற்பவரிடம், சாடி எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, அவ்வீட்டார் எந்தத் துறைமுகத்தில் தொழில் செய்தார்கள், திருமணத்தில் மணமகளின் சீர்ச்சாமான்களைப் பார்வைக்குப் பரப்பியபோது வைத்ததா என்று கேட்டு, அதே தாளில் எழுதிவையுங்கள். பங்காளிகள் பிரித்துக்கொண்டு வீட்டை இடித்த பிறகு, அந்த விவரத்தைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். பட்டறையின் பெயர் கிடைக்காவிட்டால் 'பொஹீமியா, 1918-க்கு முன், பட்டறை தெரியவில்லை' என்று எழுதி, உறுதியான பகுதியை மையாலும் ஊகத்தைப் பென்சிலாலும் குறியுங்கள்.